கமகுராவில் கழற்றிய செருப்பு

கல்யாணமான பதினோராம் நாள் ஜப்பானுக்கு விமானம் ஏறியவர், இரண்டு வருஷம் கழித்துத்தான் என்னை டோக்கியோவுக்கு வரவழைத்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஒரே அறை. பகலில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார், சாயங்காலம் இன்னொரு கடையில் வேலை. வருவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். நான் எதைக் கேட்டாலும் 'ம்' என்பார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். புதுப் பெண்டாட்டியாயிற்றே என்று அடக்கிக்கொள்வேன்.

ஏழாவது வாரம், தெருமுனைப் பொதுத் தொலைபேசியிலிருந்து ரங்கூனுக்குப் பேசினேன். அம்மாவின் குரலுக்குப் பின்னால், கியாக்டடா பேட்டையிலிருக்கும் எங்கள் வீட்டு ஜன்னல் வழியே பஸ் கண்டக்டர்கள் கூவுவதுகூடக் கேட்டது. அதைக் கேட்டதும் உடைந்துபோனேன்.

"அம்மா, நான் வந்துர்றேன். இவரோட இருக்கிறதும் ஒண்ணு, சுவத்தோட இருக்கிறதும் ஒண்ணு."

"கொஞ்சம் பொறுத்துக்க தாயி," என்றாள் அம்மா. பொறுக்க முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதிசயமாக வேலைக்குக் கிளம்பவில்லை. "கமகுரா போலாமா? ரயில்ல ஒரு மணி நேரம்தான். பெரிய ஃபயா இருக்கு," என்றார். ரங்கூனில் புத்தருக்கும் புத்தர் கோயிலுக்கும் நாங்கள் சொல்வது அந்த ஒரே பெயர்தான். சரி, ஃபயாவைக் கும்பிட்டுவிட்டு, திரும்பும் ரயிலில் இவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

கோயில் வாசலில் நான் யோசிக்கவே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த வெல்வெட் வார்ச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். எங்கள் வீட்டில் இருப்பது முருகன் படம்தான். ஆனாலும் ஃபயா வாசல் வந்தால் செருப்பை உதறுவது காலுக்குப் பிறவிப் பழக்கம்.

"போட்டுக்க. இங்க யாரும் கழட்ட மாட்டாங்க," என்றார்.

"ஃபயாவுக்கு முன்னாடி செருப்போடயா?"

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நான் என்ன திருடவா வந்தேன்?"

எங்களுடைய முதல் சண்டை அதுதான். ஒருவிதத்தில் முதல் பேச்சும் அதுதான். அவர் முகம் சிவந்துவிட்டது. யாரோ எவரோ என்பது போல என்னை விட்டுப் பத்தடி முன்னால் நடந்தார். சரளைக் கல் குத்தியதைவிட அந்தப் பத்தடிதான் வலித்தது.

புத்தர் திறந்த வெளியில் உட்கார்ந்திருந்தார், தலைக்கு மேல் கூரைகூட இல்லை. நவம்பர் குளிர் உள்ளங்காலில் ஏறியது. கல்தரையில் மண்டியிட்டு, ஊரில் செய்வது போலவே மூன்று முறை நெற்றி தரையில் படக் கும்பிட்டேன். ரயிலில் சொல்லத் தைரியம் கொடு என்றுதான் வேண்டிக்கொண்டேன். நல்ல வேண்டுதல்!

எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். பாஷை தெரியாது, கையில் காசு கிடையாது, குடியிருந்த தெருவின் பெயரைக்கூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு ஓடினேன். செருப்பையும் காணோம்.

அப்போதுதான் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலருகே அவரைப் பார்த்தேன். உள்ளே இருந்தவருக்கு இடுப்பை வளைத்து வளைத்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கையில் என் செருப்பு. இன்னொரு கையில் அவருடைய ஷூ. குளிர்ந்த கல்லில் வெறுங்காலோடு நின்றார்.

"யாரோ தொலைச்சுட்டுப் போன செருப்புன்னு எடுத்து இங்க குடுத்துட்டாங்களாம்," என்றார்.

"உங்க ஷூவை ஏன் கழட்டினீங்க?"

"நீ விழுந்து கும்பிட்டதைப் பாத்தேன்." என் செருப்பை நீட்டினார். "நானும் ரங்கூன்காரன்தானே. யாரு பாக்குறாங்களோன்னு பயந்து பயந்தே எல்லாத்தையும் விட்டுட்டேன். வா, சேந்து போய்க் கும்பிட்டு வருவோம்."

இந்த முறை இரண்டு ஜோடியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டோம். அவர் முன்னால் போகவில்லை.

திரும்பும் ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சொல்வதா வேண்டாமா என்று நான் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்தபடி அவரே ஆரம்பித்தார்.

"உங்கம்மா நான் வேலை பாக்குற கடைக்குப் போன் பண்ணாங்க. நீ ஊருக்குப் போறேன்னு சொன்னாங்க."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கு? ஒரு நாளாவது உன்னைச் சந்தோஷமா வச்சிருந்து அனுப்பணும்னுதான் லீவு கேட்டேன்."

பாவி மனுஷன்! ஏழு வாரம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசிவிட்டார். அத்தனை பேர் இருந்த பெட்டியில் வாய்விட்டு அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இறங்குவதற்கு முன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

"அம்மாவுக்கு நீங்களே போன் போடுங்க. அவ வரலையாம்னு சொல்லிடுங்க."