நத்தைகள் வீடு திரும்பிய விதம்

இன்று காலை ஆறு மணிக்குத் தகவல் வந்தது. அக்காவின் பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் அழைத்தார். "தம்பி, உங்க அக்கா..." என்று இழுத்தார். தூக்கத்திலேயே போய்விட்டாள். எதைச் செய்தாலும் யாரிடமும் சொல்லாமல் செய்கிறவள். இதையும் அப்படித்தான் செய்தாள்.

தபால் அலுவலகத்தில் முத்திரை குத்திக் குத்திச் சலித்து, ஐம்பத்து மூன்று வயதில் விலங்கியல் முதுகலையில் சேர்ந்தவள். கல்லூரியில் அவளுக்கு 'நத்தையக்கா' என்று பெயர். வட்டாரக் கருத்தரங்கில் மாணவர் ஆய்வுக்குப் பரிசு என்றதும் முதல் ஆளாகப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். "இந்த வயசுல பரிசெல்லாம் எதுக்கும்மா, சும்மா வந்து பாருங்க" என்றார் பேராசிரியர். சான்றிதழ் மாட்ட அன்றே சுவரில் ஆணி அடித்துவிட்டாள்.

ஆய்வு எளிது. தன் தோட்டத்து நத்தைகளின் ஓட்டில் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைப்பாள். சாயங்காலம் மதில் தாண்டித் தையல்காரர் தோட்டத்தில் விடுவாள். வீடு திரும்பிவிட்டனவா என்று காலையில் பார்ப்பாள். திரும்பியிருந்தன. ஒன்று விடாமல்.

"டேய், நான் பெத்ததுங்ககூட இவ்வளவு ஒழுங்கா வீடு வந்து சேர்ந்ததில்லடா!" என்று போனில் கூவினாள்.

கருத்தரங்கில் கைதட்ட ஆள் வேண்டுமென்று என்னையும் தையல்காரரையும் இழுத்துப்போனாள். நடுவராக வந்த அம்மையார் அவளுடைய போஸ்டரைப் படித்துவிட்டு வியந்தார். "இவ்வளவு பெரிய மதிலை அதுக்குள்ள எப்படித் தாண்டுது?"

"அது எங்கங்க தாண்டுது?" என்றார் தையல்காரர். "விடியக்காலைல நான்தான் பொறுக்கி இவங்க பக்கம் போடுறேன். கீரையை மொட்டையடிச்சிடுதுங்க. நல்லவேளை, புள்ளி வெச்சிருந்துச்சு. இவங்க வீட்டுதுன்னு தெரிஞ்சு ஒண்ணு விடாம திருப்பிக் குடுத்துட்டேன்."

அக்காவின் முகம் செத்துப்போனது. "ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ மட்டும் எங்க தோட்டத்துல விடுறப்போ சொன்னியாம்மா?"

சுற்றி நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா பேனாவை எடுத்தாள். 'முடிவு' என்பதன் கீழே இருந்ததை அடித்துவிட்டு, 'நத்தைகள் வீடு திரும்பின. போக்குவரத்து ஏற்பாடு: பக்கத்து வீட்டுக்காரர்' என்று எழுதினாள். நடுவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஆனாலும் பரிசு, பாசியை ஆராய்ந்த ஒரு பெண்ணுக்குத்தான் போனது.

கிளம்பும்போது நடுவர் அக்காவின் தோளைத் தொட்டார். "இவர் கையைக் கட்டிப்போட்டுட்டு மறுபடி செஞ்சு பாருங்க. அடுத்த வருஷம் அவசியம் வரணும்."

பேருந்தில் அதே பேச்சு. "கேட்டீங்களாண்ணே, கையைக் கட்டணுமாம்."

"கையைக் கட்டினா உன் ஜாக்கெட்டை யாரு தைப்பா? மதில் மேல வலை கட்டு. நான் எறிஞ்சாலும் உன் பக்கம் விழாது."

"உங்க கீரை?"

"போய்த் தொலையட்டும். நீ பரிசை வாங்கு முதல்ல."

வலைத்துண்டுகளை அவரே மெஷினில் இணைத்துக் கொடுத்தார். போன வாரம் முழுக்க அக்கா ஏணியில் ஏறி நின்று அதை மதில் மேல் நட்ட கம்பிகளில் கட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று மாலை அவள் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மூன்று கம்பிகளில் வலை இன்னும் கட்டப்படவில்லை.