மூன்று போத்தல் தீர்ப்பு

மூவார் நில அலுவலகத்தில் நான் எழுத்துவேலை பார்க்கும் கிராணியாக இருந்த காலத்தில், காற்சட்டை போட்டவனெல்லாம் நீதிபதி என்று நம் ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தகராறு என்றால், எனக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். எனக்கு முன்பு பஞ்சாயத்து பேசியவர்கள் இரண்டு தரப்பிலும் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, "ஆளுக்குப் பாதி விட்டுக்குடுங்க" என்று ஏப்பம் விட்டவர்கள். நான் யாருடைய காப்பியையும் தொட்டதில்லை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை, ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு விதவை வந்தாள். முழங்கால் வீங்கி வேலைக்குப் போகமுடியாமல், காதுத் தோட்டை விற்றுக் கறவை மாடு ஒன்றை வாங்கியிருந்தாள். மூன்று பிள்ளைகளுக்கும் அந்த மாடுதான் சோறு. விற்ற பால்காரரும் கூடவே வந்திருந்தார்.

"எத்தனை போத்தல் கறக்கும்னு சொன்னாரு?"

"மூணுங்க."

"எத்தனை கறக்குது?"

"ஒண்ணே நிறையலீங்க. கன்னுக்குட்டிய..."

நான் கையை உயர்த்தினேன். கேட்டதற்கு மட்டும் பதில். அப்படித்தான் நீதிமன்றத்தில் நடக்கும் என்று எங்கோ பார்த்து வைத்திருந்தேன்.

"அந்தம்மாவுக்குக் கறக்கத் தெரியலீங்க. நாளைக்கு எல்லாரும் பார்க்க நானே கறந்து காட்டுறேன்" என்றார் பால்காரர்.

மறுநாள் விடியற்காலை, பால்காரர் அவள் கொட்டகைக்குக் கன்றுக்குட்டி ஒன்றையும் பிடித்துக்கொண்டு வந்தார். கன்று முட்டியது, மாடு சுரந்தது, மூன்று போத்தலும் நுரையோடு நிறைந்தன. சொன்னது சொன்னபடி இருக்கிறது, வியாபாரம் செல்லும் என்று தீர்ப்பளித்தேன். கூட்டம் தலையாட்டியது. கன்றில்லாமல் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் காலையில் அவரிடம் பால் வாங்குகிறவர்கள் ஆயிற்றே, வாயைத் திறப்பார்களா? பாலைக் காப்பியில் மட்டுமே பார்த்திருந்த மகா நீதிமான் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. பால்காரர் கன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அவள் மாட்டை என் வாசல் தூணில் கட்டி, மூன்று காலிப் போத்தல்களைப் படியில் வைத்தாள்.

"மூணு போத்தல்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்களே கறந்து குடுங்க."

தெருவே வேடிக்கை பார்க்க உட்கார்ந்தேன். கை வலித்ததுதான் மிச்சம். ஒரு போத்தலின் அடிகூட நனையவில்லை. அப்போதுதான், அன்று நான் பாதியில் நிறுத்திய பேச்சை அவளை முழுதாகச் சொல்லச் சொன்னேன். கன்றையும் சேர்த்துத்தான் விலை பேசியது, அதற்குக் கழிச்சல், தேறியதும் அனுப்புகிறேன் என்று பால்காரர் சொன்னாராம்.

நேரே அவர் கொட்டகைக்குப் போய்க் கன்றின் கயிற்றை அவிழ்த்தேன்.

"தீர்ப்பு சொல்லியாச்சே ஐயா!" என்று கயிற்றைப் பிடித்தார்.

"சொன்னவன் முட்டாள். விடும் கயிற்றை" என்றேன்.

அதன்பிறகு ஊர் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நடுவரா என்று பேசிக்கொண்டார்களாம். பஞ்சாயத்துக்கு அந்தப் பால்காரரையே அமர்த்திக்கொண்டார்கள். பொருத்தமான ஊருக்குப் பொருத்தமான ஆள்.

அன்று கன்றை வாங்கிக்கொண்டபோது அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே என்னைப் பேச விட்டிருக்கலாம்ல?" என்று கேட்டாள்.