டைல்ஸ் அக்காவும் கறுப்பு வில்லைகளும்

அடக்கம் என்ற சொல்லோடு டைல்ஸ் அக்காவுக்கு அறிமுகமே கிடையாது. டைல்ஸ் கம்பெனி உலையோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, சூப்பர்கண்டக்டர் எனப்படும் மீகடத்தி வில்லை செய்யும் இந்தச் சின்னத் தொழிற்கூடத்துக்கு வேலை கேட்டு வந்தபோது, "மண்ணோ மருந்தோ, உலைன்னா எனக்கு உலைதான் மேடம்" என்றாள். வயதில் இளையவளான இன்ஜினியர் சிரித்துக்கொண்டே உலை அறையை ஒப்படைத்தாள்.

வேலை பழகியதுதான். கறுப்புப் பொடியை அரைத்து, அச்சில் அழுத்தி, சுட்டு, ஆறவைக்க வேண்டும். அந்த வில்லையைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்தால் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மேலே வைத்த காந்தம் அந்தரத்தில் மிதக்கும். பள்ளிகளுக்குச் சோதனைப் பெட்டி விற்கும் வியாபாரி ஒருவர் முதல் பெரிய ஆர்டரைக் கொடுத்திருந்தார்.

அக்கா பழைய புத்தியைக் காட்டினாள். தட்டினால் 'டங்' என்று கேட்காதது ஓடே இல்லை என்று நம்பியவள் அல்லவா? அச்சை முடிந்த மட்டும் இறுக்கினாள், சூட்டையும் ஒரு படி ஏற்றினாள். வில்லைகள் வழவழவென்று வந்தன, தட்டினால் கணீரென்றன. வீட்டில் தையற்காரக் கணவரிடம் பீற்றிக்கொண்டாள்.

"முதல்ல காந்தம் மிதக்கட்டும், அப்புறம் நீ மித" என்றார் அவர்.

மறுநாள் சோதனையில் காந்தம் ஒரு தாள் நுழையும் அளவுக்கு எழும்பி, பொத்தென்று சாய்ந்தது. அடுத்த வில்லையிலும் அதே கதி. அக்காவின் முகம் தொங்கிப்போயிற்று.

இன்ஜினியர் ஒன்றை உடைத்து, நடுவையும் ஓரத்தையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள், தனித்தனியாகச் சோதித்தாள்.

"பொடி மணியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு நல்லா ஒட்டியிருக்கு அக்கா. ஆனா இடுக்கே இல்லாம அடைச்சிட்டீங்க. ஆறும்போது ஆக்சிஜன் உள்ள போனாத்தான் மின்சாரம் தடையில்லாம ஓடும், அதுக்கு வழியில்ல. ஓரம் மட்டும்தான் தேறுது. எல்லாத்தையும் அரைச்சுட்டு, லேசா அழுத்திப் புதுசா செய்யலாம். இந்தத் தடவையும் சொதப்பினா உலைக்கு வேற ஆளத்தான் பாக்கணும். வருத்தப்படாதீங்க."

அக்கா நன்றாகவே வருத்தப்பட்டாள். இந்த வயதில் வேறு எந்த உலை அவளைக் கூப்பிடப்போகிறது? ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மணி ஒட்டியிருக்கறது நல்லதா கெட்டதா மேடம்?"

"நல்லதுதான். மின்சாரம் மணிக்கு மணி தாண்டணுமே."

"அப்ப எதுக்கு அரைக்கணும்? வழி குறுகல்னா மெதுவாப் போகட்டும். திரும்ப உலையில வெச்சு, மிதமான சூட்டுல ஆக்சிஜன விட்டுக்கிட்டே இருப்போம்."

"அது நாளாகும் அக்கா. வியாபாரி வர்ற வரைக்கும் உலை அதுக்கே சரியாப் போயிடும். சரியா வரலேன்னா புதுசா செய்ய நேரமே இருக்காது."

"சொதப்பினா நானே கிளம்பிடறேன்."

இன்ஜினியர் யோசித்தாள். பிறகு ஆக்சிஜன் குழாயைத் தானே மாட்டினாள்.

சூட்டை ஏற்றி வேலையைச் சீக்கிரம் முடிக்க அக்காவின் கை தினமும் பரபரத்தது. ஏற்றினால் உள்ளே போன ஆக்சிஜனும் வெளியேறிவிடும் என்று இன்ஜினியர் எச்சரித்திருந்தாள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆயுளில் பார்த்ததிலேயே கஷ்டமான வேலை, இப்படிச் சும்மா இருந்ததுதான்.

வியாபாரி வந்த அன்று அவர் முன்னால் வில்லையைத் திரவ நைட்ரஜனில் இறக்கினார்கள். புகை அடங்கியது. இன்ஜினியர் இடுக்கியால் காந்தத்தை மேலே வைத்துவிட்டு விலகினாள். அது அரை விரல் உயரத்தில் நின்றது. வியாபாரி ஒரு குச்சியால் சுண்டினார். காந்தம் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதே மாதிரி இன்னும் வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

"அடுத்ததும் நீங்கதான் அக்கா" என்று இன்ஜினியர் நாற்காலியில் சரிந்தாள். "உங்களுக்குப் பயமே இல்லையா? எனக்கு உயிரே போயிடுச்சு."

அக்கா தன் கைகளை நீட்டிக் காட்டினாள். இரண்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.