சிவப்பு நூல் கட்டிய மிஷின்

தனலட்சுமி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தடுக்குகிறது. பிறந்த ஆண்டு அவருக்கே சரியாகத் தெரியாது. "ஜாசின் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தேன். பெரிய வெள்ளம் வந்துச்சாம்ல, அதுக்கு முந்தியோ பிந்தியோ" என்பார். சிங்கப்பூரில் நான் படித்த வாழ்க்கை வரலாறுகள் எல்லாமே தேதியில் தொடங்கியவை. தேதி இல்லாத ஒருவரை எங்கிருந்து பிடிப்பது என்று யோசித்துப் பார்த்தேன். கையிலிருந்து தொடங்கலாம் என்று படுகிறது.

அந்தக் கையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசம் இருக்கும். எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும் போகாது. "தனம், ரசம் ஊத்தும்போது அடுப்புக்கு எட்ட நில்லு லா, பத்திக்கப் போவுது" என்று அவர் கணவர் பொன்னுதுரை அண்ணன் கேலி செய்வார். தம்பின் பாதையில் ஓடும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் பலகை வீட்டுக்கு அடுத்த பலகை வீடு அவர்களுடையது. நடுவில் ஒரு சாக்கடையும் ஒரு கொய்யா மரமும்தான்.

அக்காவின் சமையலறையில் பானை சட்டிக்குப் பாதி இடம், தையல் மிஷின்களுக்குப் பாதி இடம். துருப்பிடித்தவை, சக்கரம் சுழலாதவை, எலி குடித்தனம் நடத்தியவை. ஒவ்வொன்றுக்கும் வந்த இடத்தை வைத்துப் பெயர் உண்டு. "செமாபோக்காரிக்கு ஒடம்பு சரியில்ல, கீழ் நூலக் கக்கிக்கிட்டே இருக்கா" என்று அவர் சொன்னால் புதிதாகக் கேட்பவர்கள் பதறிப் போவார்கள்.

போரில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில்தான் இந்த வேலை அவர் கைக்கு வந்தது. அப்போது மிஷின் எண்ணெய் எங்கும் கிடைக்கவில்லை. மலாக்காவில் எல்லாரும் செய்ததையே அவரும் செய்தார்: தேங்காய் எண்ணெயை ஊற்றினார். கொஞ்ச நாள் மிஷின் வெண்ணெய் போல ஓடியது. பிறகு எண்ணெய் உள்ளேயே காய்ந்து பிசினாகி, சக்கரத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. பார்க்கச் சொல்ல ஆள் இல்லை. வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தரையில் விரித்தார், திருகுகளைக் கழற்றினார், கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கினார். அதே வரிசையில் திரும்ப மாட்டினார். ஓடியது. அன்றிலிருந்து அந்த விரிப்பைத் தாண்ட வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை. பூனை உட்பட.

போர் முடிந்த பிறகு, தேங்காய் எண்ணெய் குடித்த மிஷின்கள் ஊரில் எத்தனை வீட்டில் ஊமையாய்க் கிடக்கின்றன என்பது தெரியவந்தது. ஒவ்வொன்றாக அக்காவிடம் வந்தன.

வேலையில் கணவன் மனைவிக்குள் ஒரு பங்கீடு. உள்ளே இருப்பது அக்காவுக்கு, வெளியே இருப்பது அண்ணனுக்கு. உள்வேலை முடிந்ததும் அக்கா சக்கரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். பஸ் வேலை முடிந்து வரும் அண்ணன் நூலைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பழைய வேட்டித் துணியோடு உட்கார்ந்துவிடுவார். மிஷினின் கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூவேலை அழியாமல், ஆனால் முகம் தெரிகிற அளவுக்குத் துடைப்பார். அதற்காக ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற ஆண்டு அது. பண்டார் ஹிலிர் கடைகளில் எல்லாம் கொடி தைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் ஓய்ந்து கிடந்த மிஷின்களுக்கெல்லாம் திடீரென்று தேவை வந்துவிட்டது. அந்த நெருக்கடியில்தான் மீனாச்சி அக்கா ஒரு மிஷினை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

மீனாச்சி அக்கா கம்போங் செட்டியைச் சேர்ந்தவர். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த செட்டிகள் வாழும் இடம் அது. எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். கும்பிடும் சாமி ஒன்று, பொங்கல் ஒன்று. ஆனால் செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய். சாமிக்கும் சில உறவுகளுக்கும் மட்டும் தமிழ்ச் சொல் இருக்கும். அவர் மலாயில் சொன்னதைத்தான் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அதில் அவர் குரல் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை.

"என் மகள் ருக்மணிக்குக் கல்யாணம். அவ போடற கெபாயாச் சட்டையை இந்த மிஷின்லதான் தைக்கணும். நான் தைக்கக் கத்துக்கிட்டதே இதுலதான்" என்றார். பிறகு மிஷினின் மேல்பக்கம், நடுவில், விரலால் தொடாமல் காட்டினார். அங்கே மஞ்சளும் பழுப்புமாய்க் காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு. "ஜப்பான்காரன் போனதுக்கு அப்புறம் வந்த பொங்கலுக்கு எங்க மாக், என்னப் பெத்தவங்க, வச்சது. அடுத்த பொங்கலுக்கு மாக் இல்ல. பாரு, விரல் ரேகை இருக்கு. மிஷின் ஓடணும் லட்சுமி. ஆனா இது போகக் கூடாது. ஒன்னே ஒன்னுதான் கேக்கறேன்."

அக்கா குனிந்து பார்த்தார். வேறு எங்கும் வைக்காமல், அந்த அம்மாள் சரியாக எண்ணெய்த் துளையின் மேலேயே பொட்டு வைத்திருந்தார். பொங்கலுக்கும் சரசுவதி பூசைக்கும் மிஷினுக்குப் பொட்டு வைக்கும் நம் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். வட்டமாய் ஒரு குழி தெரிந்தால் விரல் தானாக அங்கே போகும். மீனாச்சி அக்கா போன பிறகு தனலட்சுமி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். சிங்கப்பூரில் படித்து வந்த எனக்கு அவர் வைத்த பெயர் பி.ஏ.

"வாய்லயே பொட்டு வச்சிட்டாங்க பி.ஏ. இனி இவளுக்கு முதுகு வழியாதான் மருந்து குடுக்கணும்."

அப்படித்தான் கொடுத்தார். மிஷினின் பின்பக்கத்து வட்டத் தகட்டைக் கழற்றி, கோழி இறகை மண்ணெண்ணெயில் நனைத்து உள்ளே விட்டார். பிசின் இளக வெயிலில் வைத்தார். வெயிலில் பொட்டு வெடிக்காமல் இருக்க அதன்மேல் ஈரமில்லாத வாழையிலைத் துண்டைக் கூடாரம் போல நிறுத்தினார். மறுபடி இறகு, மறுபடி வெயில். "என்னடி கோவம் உனக்கு? உன் வீட்ல கல்யாணம். கொஞ்சம் அசைஞ்சு குடேன்" என்று அதனோடு பேசிக்கொண்டே இருந்தார். மேலே திறந்து ஊற்றியிருந்தால் ஒரு நாளில் முடிகிற வேலை வாரக்கணக்கில் இழுத்தது. ஒரு பிற்பகல் சக்கரம் முனகியது, பிறகு சுழன்றது. அக்கா கையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் கை தன் பழக்கத்துக்கு ஒரு காரியம் செய்தது. சக்கரத்தில் சிவப்பு நூலைக் கட்டியது.

கட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பொட்டுச் செய்தி அண்ணனுக்குத் தெரியாது. மீனாச்சி அக்கா வந்தபோது அவர் பஸ்ஸில் இருந்தார். அதற்குப் பிறகு சுதந்திரக் கூட்டங்களுக்காக ஓடிய கூடுதல் பஸ்களில் இருந்தார். மிஷினை வெயிலில் பார்த்திருக்கிறாரே தவிர, இலைக்குக் கீழே பார்த்ததில்லை.

நான் கொய்யா மரத்தடியில் இருந்தேன். அண்ணனின் குரல்தான் முதலில் கேட்டது.

"தனம்! வந்து பாரு. மேல ஏதோ கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, நகத்தால சொரண்டி எடுத்தேன். இப்ப பாரு, ஒன் மூஞ்சி தெரியும்!"

ஈரத் தலையோடு வந்த அக்கா பார்த்தார். முகம் தெரிந்தது.

"அலாமாக்" என்றார் அண்ணன், மனைவியின் முகத்தைப் பார்த்தே. "என்ன செஞ்சிட்டேன்?"

அக்கா சொன்னார். அண்ணன் வேட்டித் துணியை உதறி உதறிப் பார்த்தார், ஏதோ அதிலிருந்து அந்த விரல் ரேகை விழுந்துவிடும் போல. பிறகு சாமி மாடத்துக்குப் போய்ச் சந்தனக் கட்டையோடு வந்தார்.

"அரைச்சு வைப்போம். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் புகை. காஞ்சா பழசு மாதிரி ஆயிடும். யாருக்குத் தெரியப் போவுது?"

"ஒங்க விரல வச்சா பொட்டு தோசை சைசுல வரும்."

"அப்ப நீ வை."

அக்கா குழைத்த சந்தனத்தில் விரலைத் தொட்டு வைத்தார். நல்ல பொட்டுதான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

"இது என் விரலுங்க. அவங்க தினமும் இத அம்மான்னு கும்புடுவாங்க. என்னால முடியாது. வாங்க, போய்ச் சொல்லிடலாம்." என் பக்கம் திரும்பி, "நீயும் வா பி.ஏ. படிச்ச புள்ள கூட நின்னா கொஞ்சம் மெதுவா திட்டுவாங்க" என்றார்.

அண்ணனின் சைக்கிளில் மிஷினைக் கட்டி, அண்ணன் தள்ள, நாங்கள் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம்.

மீனாச்சி அக்கா மிஷினைப் பார்த்ததும் கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போனது.

"எங்க?"

"போயிடுச்சு அக்கா. நூல் கட்டினது நான்."

"அவ இல்ல. தொடச்சது நான்தான்" என்றார் அண்ணன்.

மீனாச்சி அக்கா இருவரையும் பார்க்கவில்லை. அந்த இடத்தைக் கையால் தடவினார், எண்ணெய்த் துளையைச் சுற்றி வழவழவென்று இருந்தது. "ஒன்னே ஒன்னுதானே கேட்டேன்" என்றார். குரல் உயரவே இல்லை. நான் துணைக்கு வந்ததால் ஒன்றும் குறையவில்லை. மெதுவாகச் சொன்னதுதான் அதிகம் வலித்தது. அக்கா, பின்பக்கமாக மண்ணெண்ணெய் விட்ட விதத்தையோ, வாழையிலைக் கூடாரத்தையோ பற்றி வாய் திறக்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அக்கா என் கையை அழுத்திப் பிடித்தார். மிஷினை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினோம்.

அதன்பிறகு வெள்ளை விரிப்பு மடித்தபடியே கிடந்தது. கொடிக் கடைக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். "ஒடம்பு முடியல" என்று அனுப்பிவிட்டார் அக்கா. அண்ணன் வேலை முடிந்து வந்து, நூல் கட்டிய மிஷின் எதுவும் இல்லாமல், செய்ய ஒன்றுமின்றிச் சைக்கிளையே துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துகொள்ள நாளாயிற்று. அக்கா பயந்தது பேர் கெட்டுவிடும் என்றல்ல. இத்தனை வருடம் நம்பிய தன் கைப் பழக்கத்தை அவரால் இனி நம்ப முடியவில்லை.

ஒரு காலை ருக்மணி வந்து நின்றாள். "அம்மா உங்களைக் கூப்பிடறாங்க. மிஷின் தைக்க மாட்டேங்குது. நூல் விழவே இல்லை."

அக்கா திருகுச்சாவிப் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். அண்ணன் பின்னால் வந்தார், வாசலுக்கு வெளியே சைக்கிளோடு நின்றுவிட்டார். உள்ளே கெபாயாத் துணி வெட்டி வைத்திருந்தது. மீனாச்சி அக்கா முகத்தைத் திருப்பியபடி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

தனலட்சுமி அக்கா மிஷினின் முன் உட்கார்ந்து ஊசியைப் பார்த்தார். தையல் ஊசியின் மேல்முனையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அது தப்பான பக்கம் திரும்பியிருந்தால் தையல் விழாது. இது திரும்பியிருந்தது. தையல் கற்ற முதல் வாரத்தில் எந்தப் பெண்ணும் செய்யும் தப்பு. இந்த மிஷினிலேயே தைத்து வளர்ந்தவர் செய்கிற தப்பு இல்லை.

அக்கா நிமிர்ந்து மீனாச்சி அக்காவைப் பார்த்தார். மீனாச்சி அக்கா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தனலட்சுமி அக்கா ஊசியைச் சரியாகத் திருப்பி மாட்டினார், ஒரு துண்டுத் துணியில் ஓட்டிக் காட்டினார். தையல் நேராக விழுந்தது.

"ரொம்பப் பெரிய கோளாறு அக்கா" என்றார். "நல்ல வேள, கூப்பிட்டீங்க."

"எனக்கென்ன தெரியும்?" என்றார் மீனாச்சி அக்கா. உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "இந்தத் தடவை ருக்மணி பொட்டு வைப்பா. எண்ணெய்த் துளை எதுன்னு அவளுக்குக் காட்டிக் குடு. அதத் தவிர எங்க வேணாலும் வைக்கட்டும்."

அக்கா காட்டினார். ருக்மணி அதற்குக் கொஞ்சம் தள்ளி விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மீனாச்சி அக்கா எழுந்து சமையலறைப் பக்கம் போனார். புளிக்குழம்பில் மீன் கொதிக்கும் மணம் வந்தது. "சாப்பிட்டுப் போங்க எல்லாரும். அந்தத் தொடைக்கிறவர் எங்க? வெயில்ல நிக்கறாரா? கூப்பிடு."

பொன்னுதுரை அண்ணன் உள்ளே வந்தார். மிஷின் இருந்த பக்கமே போகாமல் சுவரோரமாக வந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கையக் கொண்டா முன்னால" என்றார் மீனாச்சி அக்கா, தட்டை வைத்தபடி. "அது இல்லாம எப்படிச் சாப்பிடுவே?"