பேச்சியம்மாள் ஊட்டிய பொங்கல்

ஆண்டவரின் பிள்ளைகளே, சபையில் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதனால் எழுதியே தருகிறேன். வாசிக்கிறவர்கள் என் தப்பையும் சேர்த்து வாசியுங்கள்.

போன தை மாதம் நான் சாகக் கிடந்தேன்.

சின்னமனூர் பக்கம் எங்கள் ஊர். மகன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் நானும் மருமகள் பேச்சியம்மாளும்தான். அவள் ஞானஸ்நானம் எடுக்காதவள். சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் கோயிலுக்குப் போவாள். அவள் சமைத்ததை நான் தொடமாட்டேன். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. என் குடத்தில் அவள் கை பட்டால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பேன். ஆறு வருடம் அப்படி. அதைப் பரிசுத்தம் என்று நினைத்தேன்.

சபையில் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர், பொழுது சாய்ந்தபின் கஞ்சி. மற்றவர்கள் வியாதிக்குச் சுகம் கேட்டார்கள், பிள்ளைக்கு வேலை கேட்டார்கள். நான் கேட்டது வேறு. "இவளை இந்த வீட்டைவிட்டு எடுத்துப்போடும்" என்று முழங்கால் தேயக் கேட்டேன்.

எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. சோற்றை நிறுத்தினேன், மாத்திரையை நிறுத்தவில்லை. மாத்திரை சாப்பாட்டில் சேராதே என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பேச்சியம்மாள் அவள் அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"வெறும் வயித்துல மாத்திரையப் போடாத அத்த. நர்சம்மா சொன்னாகல்ல?"

பிசாசு பேசுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு ஜெபத்துக்கு உட்காருவேன்.

பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை மத்தியானம். ஜெபத்திலேயே கை நடுங்கியது. வேர்வை ஊற்றியது. எழுந்திரிக்கப் பார்த்துச் சுவரோடு சரிந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் யாரும் இல்லை. "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்." அவ்வளவுதான் வாயில் வந்தது.

கதவு திறந்தது. வந்தவள் பேச்சியம்மாள். நெற்றி நிறைய விபூதி. கையில் தொன்னை, அதில் கோயில் சர்க்கரைப் பொங்கல்.

"ஏ கெழவி, கண்ணத் தெற! வாயத் தெற!"

நான் வாயை இறுக்கிக்கொண்டேன். சாகிற நேரத்திலும் அந்த வீம்பு.

"சாமிப் பொங்கல்தான். தீட்டுன்னா பெறகு கொப்புளிச்சுக்க. இப்ப முழுங்கு. நீ செத்தா ஊரு என்னையத்தான் பேசும். ஆறு வருசம் நான் தொட்ட தண்ணியக் கொட்டுனியே, இதையுந் துப்பு பாப்போம்!"

திட்டிக்கொண்டே என்னை நிமிர்த்தி உட்காரவைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். வாய்தான் திட்டியது, இன்னொரு கை என் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தது. நான் விழுங்கினேன். பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் அவளே கொண்டுபோனாள். அந்த இனிப்பால்தான் பிழைத்தேன் என்று அங்கே சொன்னார்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்து, பொங்கல் சேதி கேட்டு எங்கள் ஜெபக்குழுவின் மூத்த அக்கா வீட்டுக்கு வந்தார். படுத்திருந்த என்னைச் சுகம் விசாரிக்கவில்லை.

"பத்தொம்பது நாளையும் சாக்கடையில கொட்டிட்டியே! வெக்கிரகத்துக்குப் படைச்சதத் தின்னுட்டு எந்த மொகத்தோட திருவிருந்துக்கு வருவ? சபை முன்னால பாவ அறிக்கை பண்ணு."

எப்போதும் "சரிக்கா" என்பேன். அன்றைக்கு வரவில்லை.

"யாரையாவது அனுப்பும்னு கேட்டேங்க்கா. அனுப்புனாரு. நீங்களுந்தான் பக்கத்துத் தெருவுல இருந்தீக. நீங்க வரல."

அவர் ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். இன்றுவரை சபையில் மூன்று பேர் என் பக்கத்தில் பாய் விரிப்பதில்லை. விரிக்க வேண்டாம். ஓய்வுநாளில் சூம்பின கையைச் சுகமாக்கின ஆண்டவரையும் அன்றைக்கு இப்படித்தான் முறைத்துப் பார்த்தார்கள்.

அறிக்கை கேட்டீர்களே, இதோ. பொங்கல் தின்றது என் பாவம் அல்ல. ஒரு பெண்ணை வீட்டைவிட்டு எடுத்துப்போடும் என்று பட்டினி கிடந்தேனே, அது பாவம். கொட்டின ஒவ்வொரு குடமும் பாவம். என்னை மன்னித்தவருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது வீட்டில் ஒரே அடுப்பு. பேச்சியம்மாள் மாறவில்லை. சனிக்கிழமை கோயிலுக்குப் போகிறாள், நாள் தவறாமல் என்னைத் திட்டுகிறாள். அவள் திராட்சைத் தோட்ட வேலைக்குக் கிளம்புமுன் நான்தான் தூக்குச்சட்டியில் சோறு கட்டுகிறேன்.

உபவாசம் இருக்கிறவர்களே, கூப்பிடுங்கள். அவர் கேட்பார், நான் சாட்சி. ஆனால் நீங்கள் பட்டினி கிடக்கிற நாளில் உங்கள் வீட்டில் யாரைத் தள்ளிவைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இன்று காலை அவள் என் குடத்தில் மொண்டு குடித்தாள். அதே செம்பில் நானும் குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.