மர்பி டவுனில் ஒரு கடல் மீன்

கடலை நான் அப்போது பார்த்ததே இல்லை. பிறந்தது, படித்தது, கல்யாணமாகிக் குடித்தனம் வந்தது எல்லாமே பெங்களூர் அல்சூர் ஏரியைச் சுற்றித்தான். ஆனாலும் அறுபதுகளின் தொடக்கத்தில், மர்பி டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு கண்ணாடித் தொட்டி நிறையக் கடல் தண்ணீர் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ரயிலில் கார்டு வேலை. மெட்ராஸ் போய்த் திரும்பும்போது, கார்டுக்கென்று வண்டிக் கடைசியில் இருக்கும் பிரேக் வேனில் பெரிய கண்ணாடி ஜாடிகளில் நிரப்பிக் கொண்டுவருவார். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்துத் தொட்டியைச் செய்ததும் அவர்தான். சிலருக்குச் சீட்டாட்டம், இவருக்கு இது.

முதலில் வந்த இரண்டு மீன்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின. இரண்டாவதைப் புதைத்துவிட்டு வந்து அவர் சோறு தின்னவில்லை.

"இன்னொரு தபா பார்ப்பேன். இதுவும் போச்சுன்னா தொட்டியப் பிரிச்சுடுவேன். உசுர மடியில வெச்சுக் கொண்டாந்து கொல்றதுக்கா நான் மெயில் வண்டில போறேன்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொட்டி அவருடையது என்று பேர்தானே தவிர, அவர் பாதி நாள் தண்டவாளத்தின் மேல். மீனோடு பேசிக்கொண்டே காய் நறுக்கியவள் நான். பிரிக்க விட்டுவிடுவேனா?

மூன்றாவது மீன் வந்தது. விரல் நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டைகள். மெட்ராஸ் துறைமுகத்துக் கற்களுக்கு நடுவே ஒரு மீனவர் பிடித்துக் கொடுத்ததாம். தொட்டியில் விட்டதும், நான் கவிழ்த்து வைத்திருந்த உடைந்த பூந்தொட்டிக்குள் போய்ப் புகுந்துகொண்டது. புது மருமகள்கூட இத்தனை வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. குழந்தைகள் கண்ணாடியைத் தட்டின. பக்கத்து வீட்டு அக்கா தினமும் வந்து, "இன்னாம்மா, இன்னும் துன்னலியா? பேசாம கொழம்பு வெச்சிருந்தா நம்ம பசியாவது தீந்திருக்கும்" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பழைய புடவையைக் கிழித்துத் தொட்டியின் மூன்று பக்கமும் திரை கட்டினேன்.

இறாலைப் பொடிப்பொடியாக அரிந்து போட்டேன். மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. மிச்சம் நாறுவதற்குள் கரண்டியால் அள்ளிக் கொட்டுவதே என் வேலையாகிவிட்டது. அதன் வயிறு ஒட்டிப்போய் முதுகு கத்தி மாதிரி ஆனது. முந்தின இரண்டும் இப்படித்தான் மெலிந்து செத்தன. டூட்டிக்குக் கிளம்பும்போது அவர் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை.

பங்குனி மாதம். பெங்களூரின் வறண்ட காற்றில் பிழிந்து போட்ட துணி மளமளவென்று காய்ந்துவிடும். தொட்டித் தண்ணீரும் கிடுகிடுவென்று இறங்கும். இறங்க இறங்க, ஜாடியில் மிச்சமிருக்கும் கடல் தண்ணீரை ஊற்றி நிரப்புவோம். "கடல் மீனுக்கு உப்பு கொறையக் கூடாது" என்பது அவர் கட்டளை. அன்று காலையில் அடுப்பில் காரக்குழம்பு சுண்டிப்போய்விட்டது. வாயில் வைத்தால் ஒரே உப்பு. வழக்கம்போல் ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றினேன். ஊற்றிய கை அப்படியே நின்றது. குழம்பு சுண்டினால் உப்பா போகிறது? தண்ணீர்தானே போகிறது! சுண்டச் சுண்ட நாங்கள் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஓடிப்போய் ஜாடித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. அடுத்துத் தொட்டித் தண்ணீரை வைத்தேன். தூ! நாக்கைச் சுருட்டிப் போட்டது. பாவம், இதிலா நீ மூச்சு விட்டாய் என்று வாய்விட்டு அழுதேன். பிறகு, முந்தின நாள் பிடித்துவைத்த குழாய்த் தண்ணீரை எடுத்தேன். ஒரேயடியாக மாற்றினால் தாங்காதே என்று, தொட்டியிலிருந்து ஒரு சொம்பு இறைப்பதும் நல்ல தண்ணீர் ஒரு சொம்பு விடுவதுமாக வேளைக்குக் கொஞ்சம் மாற்றினேன். நாக்குதான் எனக்கு அளவு. ஜாடியின் கரிப்பும் தொட்டியின் கரிப்பும் ஒன்றாகும்வரை விடவில்லை. இதற்கிடையில் அவர் ஒருமுறை வந்து மறுபடியும் வண்டியேறினார். அவரிடம் நான் மூச்சு விடவில்லை. முதலில் பிழைக்கட்டும்.

ஒரு நாள் பார்த்தால், பயல் பூந்தொட்டிக்கு வெளியே உலாத்திக்கொண்டிருந்தான். ஆனால் போட்ட இறாலைச் சீண்டவில்லை. சும்மா கிடப்பதை இவன் தின்னமாட்டான் போலிருக்கிறது என்று, புது விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் கழுவி, நுனியில் இறால் துணுக்கைச் செருகி, அவன் எதிரில் துள்ளவிட்டேன். உற்றுப் பார்த்தான். பின்வாங்கினான். வெடுக்கென்று பாய்ந்து பிடுங்கினான்! குச்சியே ஆடியது. இன்னொன்று செருகினேன், அதையும் பிடுங்கினான். "துன்னுட்டான்! துன்னுட்டான்!" என்று ஈரக் கையோடு தெருவுக்கு ஓடிப் பக்கத்து வீட்டு அக்காவைக் கட்டிக்கொண்டேன். ஊரையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் காலை அவர் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றியபடியே, உள்ளே பார்க்காமல், "போயிடுச்சா?" என்றார். நான் இறால் செருகிய குச்சியை அவர் கையில் கொடுத்தேன். யூனிபாரத்தோடு தொட்டி முன் குனிந்தார். இவன் நேராக வந்து, இறாலோடு அவர் விரலையும் சேர்த்துக் கொத்தினான். அந்த மனுஷர் குழந்தை மாதிரி சிரித்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் ஒரு ஜாடிகூடக் கொண்டுவரவில்லை. மீன் செத்திருக்கும், இனி எதற்குத் தண்ணீர் என்று வெறுங்கையோடு வந்திருக்கிறார்.

"தண்ணி எங்க?" என்று கத்தினேன். அவர் குச்சியும் கையுமாக நிமிர்ந்தார்.

"அடுத்த ட்ரிப்புல ரெண்டு ஜாடியா கொண்டாங்க, அழுக்குத் தண்ணிய மாத்தணும். இவன் இங்கதான் இருக்கப் போறான்."