பங்களா வாசலில் இறங்காதவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரையின் பங்களாவுக்கு முன்னால் யாரும் வண்டியில் ஏறிப் போகக் கூடாது. இறங்கி, தள்ளிக்கொண்டு, வளைவைத் தாண்டிய பிறகுதான் ஏறலாம். எங்கும் எழுதி வைக்காத சட்டம். வெள்ளைக்காரத் துரை போய், தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, உள்நாட்டுத் துரை வந்த பிறகும் அது போகவில்லை. பேராதனையில் பட்டம் பெற்றுத் திரும்பி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நானும் சைக்கிளிலிருந்து இறங்கித்தான் போனேன்.

தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் நல்லையா அண்ணனும் இறங்கினார். பதினைந்து வருடத்தில் மூன்று பைக் வைத்திருந்தார். மூன்றும் யாரோ கழித்துப்போட்டவை, அடிக்கடி நின்றுவிடும். அதனால் அவர் தள்ளுவது மரியாதைக்கா, பழுதுக்கா என்று யாரும் யோசித்ததில்லை.

1979இல் பதுளையில் இருநூறு சி.சி. ஜப்பான் பைக் ஒன்றைப் புதிதாக எடுத்தார். அங்கே ஹுமைத் நானாவின் மோட்டார் கராஜில் பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்த பலன். நீண்ட சீட், பின்னால் கரியர், இரண்டு பக்கமும் பைகள். மனைவி ரெங்கம்மாவோடு திருகோணமலை வரை ஓட்டிப்போய்க் கடலைப் பார்ப்பது அவர் திட்டம். பதுளையிலிருந்து என்னைத்தான் பின்னால் ஏற்றி வந்தார். பங்களா வளைவுக்குச் சற்று முன்னால் நிறுத்தினார்.

“தம்பி, ஒண்ணு சொல்லட்டா? பழைய பைக் எதுவும் இந்த எடத்துல தானா நின்னதில்ல. நான்தான் பெட்ரோல் குழாய மூடிருவேன்.”

“எதுக்குண்ணே?”

“பைக் நின்னு தள்ளுனா வெக்கமில்ல பாரு.” டேங்கைத் தட்டினார். “இது மேல பொய்ப் பழி போட மனசு வரல. பயமா இருந்தா எறங்கிக்க.”

நான் இறங்கவில்லை. தைரியமென்று சொல்ல முடியாது. இறங்கினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வண்டி ஓடியபடியே வாசலைக் கடந்ததைத் துரை பூப்பாத்தியருகே நின்று பார்த்தார். அன்று மாலையே உத்தரவு வந்தது: விடிந்ததும் ஆட்கள் கூடும் பெரட்டில் வேலை பிரிக்குமுன் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். இல்லையென்றால் பிட்டர் வேலை கிடையாது, மம்பட்டி பிடித்துப் புல் வெட்டும் வேலைதான்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் கடிதம் எழுதுகிறவன் நான். கணவனும் மனைவியும் என்னிடம் வந்தார்கள். ‘மேன்மை தங்கிய ஐயா, அறியாமல் செய்த பிழையை…’ பேனா தானாக ஓடியது. இது எனக்கு எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் எழுதி முடித்தேன்.

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். “அறியாமயா? அறிஞ்சுதானே போனேன். இத எழுதவா இத்தன வருசம் படிச்ச?”

“வேல போயிரும்ணே.”

“போனாப் போகட்டும் மாஸ்டர்,” என்றாள் ரெங்கம்மா. “நான் மலையில கொழுந்து பறிச்சுக்கிட்டு நிக்கலியா? மம்பட்டி என்ன கடிக்கவா போகுது?”

அவர் தாளைத் திருப்பி, கோணல் எழுத்தில் எழுதினார்: ‘பைக்கில் பழுதில்லை. இனி இறங்க மாட்டேன். நல்லையா.’

காலையில் அந்தத் தாளையே கொடுத்தார்; அவரைப் புல் வெட்டப் போட்டார்கள். கங்காணி மம்பட்டியை நீட்டிச் சிரித்தார்.

“புல்லு வெட்ட ஜப்பான் பைக்காய்யா?”

“நடந்து போனா புல்லு மதிக்காதுங்க.”

மலைக்குப் போகும் பாதையும் அந்த வளைவுதான். துரை வராந்தாவில் நிற்க, கரியரில் மம்பட்டியும் பின் சீட்டில் கொழுந்துக் கூடையோடு ரெங்கம்மாவுமாக அவர் நிதானமாக ஓட்டிப் போனார். சைக்கிளில் பின்னால் வந்த நான் வாசலில் இறங்கிவிட்டேன்.

ஏழு மாதம் புல் வெட்டினார். ஒரு நாளும் இறங்கவில்லை. எனக்கு இறங்காமல் போக மூன்று வாரம் பிடித்தது.